திராட்சைக்கு வாங்கிய கந்தகம்

கறிவேப்பிலையையும் வேப்பிலையையும் அருகருகே வைத்தால், இன்றைக்கும் முகர்ந்து பார்த்துத்தான் எது எதுவென்று சொல்வேன். அப்படிப்பட்ட நான், திராட்சைக் கொடி பராமரிப்பதில் நிபுணன் என்று சொல்லி வெள்ளவத்தையில் ஓர் அறை பிடித்தேன்.

யுத்த காலம். வடக்கிலிருந்து வந்த கலியாணமாகாத இளைஞனுக்குக் கொழும்பில் அறை கொடுக்க யாரும் யோசிப்பார்கள் (நானே எனக்குக் கொடுத்திருக்கமாட்டேன்). வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊருக்கே ‘ரீச்சர்’. அவர் கேட்டது ஒரே கேள்வி.

“யாழ்ப்பாணம் எண்டால் முந்திரிகைக் கொடி பாக்கத் தெரிஞ்சிருக்கும், என்ன?” (திராட்சைக்கு எங்களூரில் முந்திரிகை என்று பெயர்.)

“ஓம் ரீச்சர், வளவு முழுக்க அதுதான்.”

எங்கள் வளவில் இருந்தது ஒரே ஒரு முருங்கை.

ரீச்சரின் கொடியைப் போல் ஒன்றை நான் பிறகு கண்டதில்லை. இரண்டு கட்டில் போடக்கூடிய பின்முற்றம். அதில் சமையலறைக் கூரைவரை கம்பிப் பந்தல். யாழ்ப்பாணத்துக் கணக்கில் வெட்டினால் கொழும்பு மழையில் பழம் வெடித்துவிடும் என்று கண்டு, தனக்கென ஒரு வருடக் கணக்கையே உண்டாக்கியிருந்தார். ஐப்பசியில் கொடியை வெட்டி, இலைகளை உருவி மொட்டையடிப்பார். பார்க்கிறவனுக்கு நெஞ்சு பதறும். மார்கழித் தளிரில் பூ வரும். மாசி வெயிலில் குலை குலையாய்ப் பழம் தொங்கும். பிறகு நீரைக் குறைத்துக் கொடியைத் தூங்கவிடுவார். பூத்திருக்கும்போது காகம் உட்கார்ந்தாலும் கோபித்துக்கொள்வார்.

அந்த வருடம் அவருக்குக் கண் சத்திரசிகிச்சை.

“பூ வந்திட்டுது தம்பி. சாம்பல் நோய் பிடிக்க முதல் கந்தகம் தூவவேணும். புறக்கோட்டையில வாங்கி வாரும்.”

நிபுணன் கந்தகத்தோடு மட்டும் திரும்புவானா? யாரும் கேட்காத உரமும் வாங்கினேன். மின்வெட்டுக் காலமாதலால் இஸ்திரிப் பெட்டிக்குச் சிரட்டைக் கரியும். மூன்றையும் ஒரே பையில் போட்டேன். கந்தகமும் கரியும் உர உப்பும் சேர்ந்து பிறந்த வெடிமருந்தின் வரலாறு பற்றி ஒரு தடித்த புத்தகத்தை அந்த வாரம்தான் வாசித்து முடித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் படிப்பு எப்போதும் ஆபத்து முடிந்த பிறகுதான் உதவிக்கு வரும்.

பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்.

“மொகக்த மே?” பையைத் திறந்த பொலிஸ்காரர், இது என்ன என்கிறார்.

என் சிங்களம் மரக்கறிக் கடையோடு முடிந்துவிடும். “பெஹெத்,” மருந்து, என்றேன்.

யாருக்கு என்றார்.

“பூவுக்கு.”

அவர் விசிலை ஊதினார்.

பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்த்தினார்கள். அதில் நகைச்சுவை எதுவும் இருக்கவில்லை. அந்த நாட்களில் உள்ளே போனவன் எப்போது வெளியே வருவான் என்று யாருக்கும் தெரியாது. வீட்டு விலாசத்தைச் சொன்னேன், ஆள் அனுப்பினார்கள்.

ரீச்சர் ஓட்டோவில் வந்து இறங்கினார். ஒரு கண்ணில் கட்டு. கையில், பூவும் தளிருமாக ஒரு முழுக்கிளை. காகத்தைக்கூட உட்காரவிடாதவர், எனக்காகத் தன் கையாலேயே வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கிளையைப் பொறுப்பதிகாரியின் மேசையில் கிடத்தினார். என் பையிலிருந்து கந்தகத்தை அள்ளித் தன் கைக்குட்டையில் முடிந்து, பூவுக்கு மேல் உதறிக் காட்டினார். கோப்பெல்லாம் மஞ்சள். வெட்டுவதிலிருந்து பழுப்பது வரை சிங்களத்தில் ஒரு முழுப் பாடம். அதிகாரி மாணவனைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முடிவில் ரீச்சர் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்ல, அவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பையைத் திருப்பித் தந்தார்.

ஓட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். “ரீச்சர், உங்கடை கொடிப் பாடம்தான் என்னைக் காப்பாத்தினது.”

“அதை அவர் பாதிதான் கேட்டவர், தம்பி. ‘இவனுக்குக் குண்டு செய்யத் தெரியுமெண்டால் எனக்குச் சந்தோசம் மாத்தையா, ஒண்டாவது தெரியுதே’ எண்டு சொன்னனான். உம்மடை முகத்தைப் பாத்தார். உடன நம்பிட்டார்.”