கோபுரம் வாசலுக்கே திரும்பி வந்தது பற்றி

ஓம் ஸ்வஸ்தியஸ்து.

மரியாதைக்குரிய மச்சான் விராதா அவர்களுக்கு, உங்கள் தங்கை சுசியாரியின் புருஷன் சுதர்பா கைகூப்பி எழுதிக்கொள்வது. சுலாவெசித் தீவில் நீங்களும் அக்காவும் உங்கள் கொக்கோ மரங்களும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று இங்கே தினமும் பூத்தட்டு வைத்து வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும், இரண்டு பன்றிகளும், உங்கள் தங்கை செல்லம் கொடுத்துக் கெடுத்த சேவலும் நலம்.

நீங்கள் வீடியோவில் பார்த்தது உண்மைதான், மறைக்கவில்லை. சுசியாரியின் உடலைச் சுமந்துகொண்டு சுடுகாட்டுக்குக் கிளம்பிய மூங்கில் கோபுரம் பாதி வழியில் திரும்பி நம் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. ஆவிக்கு வீட்டு வழி மறந்து போகட்டும் என்றுதானே நாற்சந்தியில் கோபுரத்தைச் சுற்றுகிறோம், சுற்றிவிட்டு நாமே கொண்டுவந்து வீட்டில் விட்டால் என் தங்கை எப்படி மேலே போவாள் என்று போனில் கத்திவிட்டு வைத்தீர்கள். நியாயம். அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். முழுக்கதையையும் படித்துவிட்டு மீதிக் கோபத்தைப் படுங்கள்.

காலையிலிருந்தே எனக்கு ஒரே ஒரு வேலைதான், அழாமல் இருப்பது. அழுதால் அந்தக் கண்ணீர் போகிறவள் காலைக் கட்டும் என்று நீங்களே எத்தனை தடவை சொன்னீர்கள். சுகமும் துக்கமும் ஒன்றென்று கிருஷ்ணனே சொல்லியிருக்கிறானே, அவ்வளவு பெரிய போர்க்களத்தில் அர்ச்சுனனால் முடிந்தது இந்தச் சமையற்கட்டில் என்னால் முடியாதா என்று முகத்தைக் கருங்கல்லாக வைத்துக்கொண்டு விடியலில் காபிக்குத் தண்ணீர் வைத்தேன். எனக்கு நீரிழிவு வந்ததிலிருந்து அவள் சர்க்கரை டப்பாவை ஒளித்துவைத்து, ஒரு சிட்டிகை மட்டும் தானே போட்டுக் கொடுப்பாள் அல்லவா, அந்த டப்பா எங்கே என்று சொல்லாமலே போய்விட்டாள், அவள் போன நாளிலிருந்து கசப்புக் காபிதான். அதற்குள் ஊர்க்காரியம் பார்க்கும் பஞ்சார்க்காரர்கள் வந்துவிட்டார்கள். நம் பஞ்சாருக்கே சுகதுக்கச் சங்கம் என்றுதானே பெயர், கல்யாணமானாலும் சாவானாலும் அதே ஆட்கள், அதே சிரிப்பு, அதே பன்றிக்கறி. தலைவர் ரெஞ்சானா என் கண்ணைப் பார்த்துவிட்டு, புகையா துக்கமா என்று கேட்டார். புகை என்றேன். பக்கத்தில் ஊதுபத்திகூட இல்லை.

மேளமும் தாளமும் முழங்கக் கோபுரம் கிளம்பியது. எதிர்த்த வீட்டுப் பெண்கள் சுமக்கிறவர்களுக்கு வெக்கை தணியட்டும் என்று ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சினார்கள், அது போதாதென்று மேலேயிருந்தும் கொட்டத் தொடங்கியது. ஆலமரத்து நாற்சந்தியில் பையன்கள் கோபுரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார்கள், உற்சாகத்தில் நாலாவதும் சுற்றினார்கள். சுமக்கிறவன் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் போகிறவன் முதுகைத்தானே பார்ப்பான், வழி காட்டுவது ரெஞ்சானாவின் பொறுப்பு. அந்த நேரம் பார்த்து அவர் தலைப்பாகை நழுவிக் கண்ணை மூட, வாய்க்காலில் விழுந்துவிட்டார். விழுந்தவர், 'இடது பக்கம்டா, இடது பக்கம்' என்று அங்கிருந்தே கூவியிருக்கிறார். மல்லாந்து கிடப்பவருக்கு எது இடது? பையன்கள் அவர் சொன்ன பக்கம் திரும்பி, இறக்கமான பாதையில் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள், மேளக்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள், நானும் வந்தேன். நம் வாசல் தென்னங்குருத்துத் தோரணத்தைப் பார்த்த பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. மேளம் நின்றது. மழையும் நின்றது மச்சான், பொய் சொல்லவில்லை.

அப்போது பின்னால் வந்துகொண்டிருந்த குருக்கள், வேட்டியைப் பிழிந்தபடி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"சுசியாரி வெளிய கிளம்பினா நேரா போயிடுவாளா?"

"எங்க சாமி போவா. பாதி வழியில திரும்பி வந்து அடுப்பை அணைச்சோமான்னு பாப்பா. கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான்."

"அப்ப நிக்காத. போய்ப் பாரு."

போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. விடியலில் நான் வைத்த தண்ணீர் சுண்டிப் பாத்திரம் சிவந்து கிடந்தது, பக்கத்தில் பூசைக்குப் போக மிச்சமிருந்த ஓலைப் பூத்தட்டுகள் ஓரமெல்லாம் கருகிப் புகைந்துகொண்டிருந்தன. வீட்டில் ஒரு ஜீவன் இல்லை, எல்லாரும் ஊர்வலத்தில். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஓலைக்கூரை, நெற்குதிர், பன்றிகள், நீங்கள் பிறந்தநாளுக்கு அனுப்பிய ரேடியோ எல்லாம் அவளுக்கு முன்னால் சொர்க்கம் போயிருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அந்தச் சமையற்கட்டில் இத்தனை வருஷம் எத்தனை தடவை அவளைத் திட்டியிருக்கிறேன், அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு, வந்து தொலை என்று. ஒரே ஒரு தடவைதான் அது அணையாமல் இருந்தது, அதற்கும் சரியாக வந்துவிட்டாள். மச்சான், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயில் கருவறையில்கூட நான் அப்படி நின்றதில்லை.

வெளியே வந்து, அடுப்பு எரிஞ்சுகிட்டிருந்துது என்றேன். வாய்க்கால் சேறோடு வந்து சேர்ந்த ரெஞ்சானா, 'நான் விழுந்தது வீண் போகல' என்றார், அவ்வளவுதான், ஒருவன் சிரித்தான், இன்னொருவன் சிரித்தான், கோபுரமே குலுங்கியது. நானும் சிரித்தேன், சிரித்துச் சிரித்துக் கண்ணிலிருந்து கொட்டிவிட்டது. பயந்துபோய்க் குருக்களைப் பார்த்தேன்.

"சிரிச்ச கண்ணீருக்குக் கனம் கிடையாது," என்றார். "சுகம் துக்கம் ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கோன்னு சொன்னா கல்லா இருன்னு அர்த்தம் இல்லப்பா. பையன்களைப் பாரு, ஒரு தோள் வலிச்சா மறு தோளுக்கு மாத்திக்கறாங்க. சுமை அதேதான். நடந்துகிட்டே இருக்காங்க."

மறுபடி நாற்சந்தி, மறுபடி சுற்று, இந்தத் தடவை கோபுரம் நேராகப் போனது. நெருப்பும் சட்டென்று பிடித்தது. சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டோம். வேலையை முடித்துவிட்டுத் திருப்தியாகப் போய்விட்டாள், இனிமேல் திரும்பிப் பார்க்க அவளுக்கு இங்கே ஒன்றுமில்லை. நானும் விட்டுவிட்டேன், மனசு நிறைந்திருக்கிறது. நீங்களும் விட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, கொக்கோவுக்கு நல்ல விலை. ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி.

இப்படிக்கு,
சுதர்பா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பினேன். ஆலமரத்து நாற்சந்தி வரை போனதும், எழுத உட்காருமுன் காபிக்குத் தண்ணீர் வைத்தோமே, அணைத்தோமா என்று சந்தேகம் வந்து திரும்பிவிட்டேன். அடுப்பு அணைந்திருக்கிறது. காஸ் தீரவில்லை, உருளையை ஆட்டிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு தம்ளரில் காபி கலந்து தட்டுப் போட்டு மூடியிருக்கிறது. நான்தான் ஏதோ நினைப்பில் கலந்து வைத்திருக்க வேண்டும், வீட்டில் வேறு யார்? அதைக் குடித்துக்கொண்டேதான் கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். குருக்களிடம் சொல்லிவிடாதீர்கள். சர்க்கரை டப்பா இன்னும் கிடைக்கவில்லை மச்சான். காபி இனிக்கிறது.