மின்பெட்டிச் சோதனையும் நாற்பத்தெட்டு முட்டைகளும்

அன்றைக்கு அவசரகாலப் பொருள் வழங்கல் அலுவலகத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். குடும்பத் தலைவராக இயக்குநர். மாமியாராகத் தலைமை எழுத்தர், பெரிய மீசைக்காரர். மருமகனாகத் தட்டச்சர் அம்மா. மருமகளாகக் கிடங்குப் பொறுப்பாளர். கைக்குழந்தையாக, நாற்பத்தாறு வயது நிரம்பிய மின் பரிசோதகர். பக்கத்து வீட்டுக்காரராகக் காவலாளி. ஏழாவது ஆள் முட்டைக்கார அக்கா. அவள் மட்டும்தான் அவளாகவே வந்திருந்தாள்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அலுவலகத்துக்கு ஒரு மின்பெட்டி வந்திருந்தது. கைப்பெட்டி அளவுதான் இருக்கும். சார்ஜ் ஏற்றி எங்கே தூக்கிப் போனாலும் மின்சாரம் கொடுக்கும். அதன் முழுப் பெயர் ‘கையில் தூக்கிச் செல்லத்தக்க மின் நிலையம்’. மின்தடை நாட்களில் தேவைப்படுவோருக்கு இரவல் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் கொடுப்பதற்கு முன் ‘வீட்டு உபயோகப் பொருட்களைக் கொண்டு, இயல்பான குடும்பச் சூழலில்’ சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதும் அதே உத்தரவு. அலுவலகத்தில் குடும்பம் இல்லை. ஆகவே பெட்டி பதினோரு மாதம் மேசைக்கடியில் கிடந்தது.

கடைசியில் இயக்குநரே வழி கண்டுபிடித்தார். “குடும்பம் இல்லேன்னா என்ன? ஆள் இருக்கே. அமைச்சுடலாம்.” யார் யாருக்கு என்ன உறவு என்பதைப் பணிமூப்புப்படி முடிவு செய்தார்கள். பரிசோதகர் போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர். எல்லாருக்கும் இளையவர் என்பதால் கைக்குழந்தை ஆனார்.

முட்டைக்கார அக்கா காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். கூடவே ஆட்டோவில் அவளுடைய குஞ்சு பொரிக்கும் பெட்டி, போர்வை சுற்றி. உள்ளே நாற்பத்தெட்டு முட்டை. அன்று இருபத்தொன்றாம் நாள். குஞ்சு வெளியே வருகிற நாள். அன்றைக்கென்று பார்த்து ஊர் முழுக்கப் பத்து மணி முதல் ஐந்து மணி வரை மின்தடை. இதற்கு முன் பொரிக்க வைத்த இரண்டு ஈடு முட்டையும் இப்படித்தான் மின்சாரம் போய் மொத்தமும் கூமுட்டை ஆயின. மூன்றாவதும் போனால் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“சார், என் பெட்டி அறுபது வாட்டுதான். ஓரமா ஒரு பிளக் குடுத்தாப் போதும்.”

இயக்குநர் சோதிக்க வேண்டிய பொருட்களின் பட்டியலைப் பார்த்தார். “குஞ்சு பொரிக்கிற பெட்டி இதுல இல்லையேம்மா. நீங்க குடும்பத்துல யாரு?”

“நான் யாரும் இல்லைங்க.”

“அப்ப விருந்தாளி. விருந்தாளி கொண்டு வர்ற பொருள் வரிசையில ஆறாவது. அது வரைக்கும் உட்காருங்க. விருந்தாளின்னா அப்படித்தான், கொஞ்சம் காத்திருக்கணும்.”

பத்து மணிக்கு ஊரில் மின்சாரம் நின்றது. பெட்டியின் சின்னக் கண்ணாடியில் நூறு சதவிகிதம் என்று பச்சையாகத் தெரிந்தது. முட்டைக்கார அக்கா போர்வையை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

முதலாவது, அயர்ன் பாக்ஸ். மாமியார் ஒரு சட்டையைத் தேய்த்துவிட்டு நிறுத்தப்போனார். இயக்குநர் விடவில்லை.

“ஒரு சட்டை தேய்ச்சா அது சோதனை. ஒரு வாரத் துணி தேய்ச்சாத்தான் குடும்பம்.”

இதை எதிர்பார்த்தோ என்னவோ, மாமியார் வீட்டிலிருந்து ஒரு மூட்டை கொண்டு வந்திருந்தார். மருமகனும் ஒரு பை வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், “என் சீருடையும் ஒண்ணு இருக்குங்க” என்றார். பக்கத்து வீட்டோடு பகை கூடாது என்று அதையும் தேய்த்தார்கள். கண்ணாடியில் அறுபத்திரண்டு.

இரண்டாவது, தலை உலர்த்தும் டிரையர். அதற்கு ஈரத் தலை வேண்டும். இயக்குநர் போய்த் தலையை நனைத்து வந்தார். அவருக்கு முடி இருந்தது காதோரம் மட்டும். நடுவிலே வெறும் மைதானம். ஆனாலும் ‘தலை’ என்று எழுதியிருப்பதால் மைதானத்தையும் விடாமல் உலர்த்தினார்கள். மருமகன் இதைக் கைப்பேசியில் படம் பிடித்து, “வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம பார்க்கப்போறது பசுமை மின்சாரம்” என்று ஆரம்பித்தார். இப்போதெல்லாம் எதைச் சோதித்தாலும் நண்பர்களுக்குக் காட்டாமல் சோதிப்பதில்லை. முதல் தடவை முகம் சரியாக விழவில்லை என்று இயக்குநர் மறுபடியும் தலையை நனைத்து வந்தார். கண்ணாடியில் நாற்பது.

மூன்றாவது, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில். ஆறு பேருக்குத் தேநீர். விருந்தாளிக்கு அவள் முறை வரும்போது. முப்பத்தொன்று.

நான்காவது, மிக்ஸி. மருமகளாகிய கிடங்குப் பொறுப்பாளர் அதை ஓட்டிவிட்டு நின்றார். எல்லாரும் மாமியாரைப் பார்த்தார்கள்.

“என்னய்யா சும்மா நிக்கிறீங்க?” என்றார் இயக்குநர். “குறை சொல்லுங்க. இல்லேன்னா இது இயல்பான சூழல் ஆகாது.”

மாமியார் மீசையைத் தடவிக்கொண்டார். “சத்தம் அதிகமா இருக்கு.”

“யாருக்கு? மிக்ஸிக்கா, மருமகளுக்கா?”

“இப்போதைக்கு மிக்ஸிக்கு.”

“நான் ஒண்ணும் பேசலையே!” என்று மருமகள் சீறினார்.

“பார்த்தீங்களா? இப்ப ரெண்டுக்கும்.”

இருவருக்கும் உண்மையாகவே பத்து வருஷப் பகை இருந்தபடியால் சோதனை நெடுநேரம் இயல்பாக நடந்தது. மிக்ஸி பாட்டுக்கு வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

கண்ணாடியில் எண் பதினெட்டுக்கு வந்து சிவப்பாக மாறியது. அதைப் பார்த்தவர் மின் பரிசோதகர் ஒருவர்தான். மின்சாரம் படித்தவரும் அவர் ஒருவர்தான். ஆனால் கைக்குழந்தை பேசக் கூடாது. அவர் விதி தெரிந்தவர். கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு, விதிக்குள் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார். வாய்விட்டு அழுதார்.

“குழந்தை அழுவுது” என்றார் மருமகன்.

பரிசோதகர் கண்ணாடியைக் காட்டிக் காட்டி அழுதார்.

“விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ஆசைப்படுது” என்றார் மாமியார்.

முட்டைக்கார அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ஐயோ, சார்ஜ் தீருதுன்னு சொல்றாருங்க!”

“நீங்க விருந்தாளி. பிள்ளை வளர்க்கிறதுல தலையிடக் கூடாது” என்றார் இயக்குநர். “குழந்தை அழுதாப் பசி. ஐந்தாவது என்ன? மின்சார அடுப்பா? நல்லதாப் போச்சு. பாலைக் காய்ச்சுங்க.”

பால் பொங்கி வரும் நேரம் அடுப்பு அணைந்தது. கண்ணாடியில் பூஜ்யம் ஒரு முறை மின்னி, அதுவும் மறைந்தது.

“ஆறாவது, விருந்தாளி” என்று இயக்குநர் வாசித்தார். “வாங்கம்மா, பிளக்கை மாட்டுங்க.”

அவள் மாட்டவில்லை. போர்வையை விலக்கித் தன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு முட்டையில் விரிசல் விட்டு, உள்ளேயிருந்து அலகு தட்டும் சத்தம் மெல்லக் கேட்டது. மணி பன்னிரண்டு. மின்சாரம் வர இன்னும் ஐந்து மணி நேரம். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“ஒரு கோழிக்கு இருக்கிற துப்பு இங்க யாருக்கும் இல்லையே! அது என்ன சார்ஜ் போட்டுக்கிட்டா முட்டை மேல உட்காருது? பட்டியல் பார்த்தா உட்காருது? சும்மா உட்காருது!”

“சும்மாவா?” என்றார் இயக்குநர். முதல் தடவையாக அவர் முகத்தில் அக்கறை தெரிந்தது.

“சும்மாதான்!”

“வேற வேலை எதுவும் செய்யாம?”

“செய்யாம.”

“யார் வந்து கூப்பிட்டாலும் அசையாம?”

“அசைஞ்சா முட்டை உடைஞ்சிடும்ல!”

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பணியில் சேர்ந்த நாள் முதல் எந்த வேலைக்காகப் பழகி வந்தார்களோ, அந்த வேலை கடைசியில் அவர்களைத் தேடி வந்துவிட்டது.

ஆளுக்கு எட்டு முட்டை. தேய்த்த துணிகள் இன்னும் கதகதவென்று இருந்தன. அவற்றைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். அவரவர் நாற்காலியில் அவரவர் உட்கார்ந்தார்கள். அப்புறம் அந்த அறையில் ஓர் அசைவு இல்லை. மாமியாரும் மருமகளும் கூடச் சண்டையை ஐந்து மணிக்கு மேல் ஒத்திவைத்தார்கள். மனு கொடுக்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். வழக்கம்போல இருக்கிறது என்று போய்விட்டார்.

ஒன்றரை மணிக்குக் கைக்குழந்தையின் மடியில் முதல் ‘கீச்’ கேட்டது. பரிசோதகர் மறுபடியும் அழுதார். இந்த முறை விதிப்படி அல்ல.

மூன்று முட்டை மட்டும் தப்பவில்லை. மேலிடத்திலிருந்து போன் வந்தது. மேலதிகாரி குரல் கேட்டதும் இயக்குநர் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார். மீதி நாற்பத்தைந்தும் குஞ்சு.

முட்டைக்கார அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். “நல்லா இருப்பீங்க சார். உங்களை மாதிரி யாரும் உட்கார முடியாது.”

இத்தனை வருஷத்தில் அந்த அலுவலகத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. இயக்குநர் பேனாவைத் தேடி எடுத்தார். உடனே அறிக்கை எழுதினார்: ‘சோதனை முழு வெற்றி. மேற்படி மின் நிலையம் பூஜ்யம் சதவிகிதத்திலும் நாற்பத்தைந்து குஞ்சுகளைப் பொரிக்கும் திறன் கொண்டது எனச் சான்றளிக்கப்படுகிறது.’

அடுத்த மின்தடைக்கு முன்பே பெட்டியில் நூறு சதவிகிதம் ஏற்றி, சான்றிதழ் ஒட்டி, வாசலில் இரவல் கொடுக்கத் தயாராக வைத்திருந்தார்கள். முட்டைக்கார அக்கா புது ஈட்டோடு வந்தாள். பொரிக்கும் பெட்டி இல்லை. ஒரு கூடை மட்டும்.

“அக்கா, பெட்டி ஃபுல்லா இருக்கு. எடுத்துட்டுப் போங்க” என்றார் காவலாளி.

“வேண்டாம்பா. அது பாதியில கையை விரிச்சிடும். இவங்க எழுந்திருக்கவே மாட்டாங்க.”

விஷயம் ஊரெல்லாம் பரவியிருந்தது. ரொட்டிக்கடைக்காரர் பிசைந்த மாவைப் பொங்க வைக்கக் கொண்டு வந்திருந்தார். ஒருவர் கையில் தாயில்லாத நாய்க்குட்டி. எல்லாருக்கும் மடி கிடைத்தது. உள்ளே ஓர் ஓய்வூதியப் பெரியவர், மடியில் முட்டையோடு உட்கார்ந்திருந்த இயக்குநர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கோப்பு மூன்று வருஷமாக எதிர் அலமாரியில் இருந்தது.

“ஒரு கையெழுத்துத்தான் சார். எட்டி எடுத்தாப் போதும்.”

இயக்குநருக்கு அன்று ஏனோ மனம் இளகியது. நாற்காலியில் கையை ஊன்றினார்.

“சார்! எழுந்திருக்காதீங்க!” என்று முட்டைக்கார அக்கா கத்தினாள். அவள் பின்னால் வரிசையே கத்தியது. இயக்குநர் உட்கார்ந்துவிட்டார்.

“என்னம்மா இப்படிச் செய்யறே?” என்றார் பெரியவர்.

“கொஞ்சம் பொறுங்க ஐயா. ஈடு கெட்டுடும். அஞ்சு மணி வரைக்கும்தான்.”

“அஞ்சு மணிக்கு ஆபீஸை மூடிடுவாங்களே!”

“நாளைக்கு வாங்க. மூணு வருஷம் பொறுத்தீங்க, இது பெரிசா?”

பெரியவர் யோசித்தார். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. போய் வாசல் பெஞ்சில், தன்னைப் போல் காத்திருந்தவர்கள் நடுவே உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்துக் கையை நீட்டினார்.

“எனக்கும் ரெண்டு குடு. நானும் சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்.”

பக்கத்திலிருந்தவர், “எனக்கும்” என்றார். பெஞ்சு முழுக்கக் கைகள் நீண்டன. அவள் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துக்கொண்டே போனாள். பெஞ்சு முடிந்தது, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் முடிந்தார்கள், எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திட்டிக்கொண்டிருந்தவர்களும் முடிந்தார்கள். எழுந்து நிற்கிற ஆள் அவள் ஒருத்திதான். உள்ளே யாராவது அசைகிறார்களா என்று பார்த்துக்கொள்ள வாகாக ஓர் இடம் தேடி, அவளும் கூடையைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தாள். இரண்டு முட்டையை மடியில் எடுத்துக்கொண்டாள். கூடையை எண்ணிப் பார்த்தாள். இதை உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பவருக்கென்று மிச்சம் இருந்தது ஒன்று.