அணைந்த திரியும் ஒரு குளவியும்

விடாமுயற்சி நல்ல குணம்தான். ஆனால் எங்கள் ஊரில் அதை வெடிக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. ஒரு பட்டாசு வெடிக்கவில்லையா, கிட்டே போகாமல் தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். சிவகாசியில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது, அந்தக் குளவியைப் பார்க்கும்வரை.

எம்.பி.ஏ. முடித்துவிட்டு, வெம்பக்கோட்டைப் பக்கம் சித்தப்பாவின் பட்டாசு கம்பெனியில் சேர்ந்த புதிது. என் அறை ஜன்னலில் ஒரு குளவி மண்கூடு கட்டும். அம்மா விளக்குமாற்றால் தட்டிவிடுவாள். அது மறுபடியும் ஈரமண்ணோடு வந்து நிற்கும். அதைப் படம்பிடித்து, இயற்கையே ஆசான் என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். (அம்மா அதற்கு லைக் போட்டுவிட்டு, மறுபடியும் தட்டினாள்.)

அந்த வாரம் ஈரோட்டிலிருந்து பெரிய மொத்த வியாபாரி ஒருவர் சாம்பிள் பார்க்க வந்தார். மேலே போய்ப் பூவாக விரியும் புது ஷாட் ஒன்றைச் சித்தப்பா செய்திருந்தார். இவர் ஆர்டர் கொடுத்தால் சீசன் பிழைத்தது. இல்லையென்றால் சரக்கு குடோனிலேயே தூங்கும். கம்பெனிக்கு வெளியே, சீமைக்கருவேலம் சூழ்ந்த பொட்டலில் பெட்டியை வைத்துப் பற்றவைத்தோம். முதல் சில ஷாட்டுகள் அழகாக மேலே போயின. அப்புறம் திரி அணைந்துவிட்டது.

சித்தப்பா பதறவில்லை.

“ஏத்தா, கிட்ட போகாத. தண்ணிய ஊத்திட்டு வேற பெட்டிய எடு.”

நான் குளவியை நினைத்தேன். வாளியை ஓரமாக வைத்துவிட்டு, நீள ஊதுபத்தியோடு போய்த் திரியில் வைத்தேன். பற்றவில்லை. மறுபடியும் வைத்தேன். குனிந்து ஊதியும் பார்த்தேன். (எம்.பி.ஏ.வில் இதைக் களப்பணி என்பார்கள்.) திரி பிடித்துக்கொண்டது. ஓடும் அவசரத்தில் என் கால் பட்டுப் பெட்டி சாய்ந்தது.

மிச்சமிருந்த ஷாட்டுகள் தரையோடு தரையாக வியாபாரியை நோக்கிப் புறப்பட்டன. அவர் தம் வயதுக்கு மீறிய வேகத்தில் கருவேலங்காட்டுக்குள் நுழைந்தார். வேட்டி நுழையவில்லை, முள்ளிலேயே தங்கிவிட்டது. அவர் நின்றிருந்த இடத்தில் பச்சையும் சிவப்பும், பெட்டியின் மேல் அச்சடித்திருந்தபடியே விரிந்தன.

பிறகு காட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“கலரு நல்லா இருக்குதுங்க. ஆர்டர் போட்டுக்குங்க. ஆனா நான் வர்றப்ப அந்தப் புள்ள இந்த ஊர்லயே இருக்கக் கூடாதுங்க.”

முள்ளிலிருந்து வேட்டியை எடுத்துக்கொண்டே சித்தப்பா சம்மதித்தார். என்னைக் கேட்கவில்லை.

அதிலிருந்து, அந்த வியாபாரி வரும் நாளெல்லாம் காராச்சேவு வாங்கிவரச் சொல்லி என்னைச் சாத்தூருக்கு பஸ் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டிலும் நான் எதையாவது விடாப்பிடியாகக் கேட்க ஆரம்பித்தால் போதும், ‘சாத்தூர் பஸ் வந்திருச்சு’ என்பார்கள். போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை தான் பார்க்கும் வேலையைச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. விளக்கம் கேட்டேன். அதுவும் புரியாமல் மறுபடி கேட்டேன். அடுக்களையிலிருந்து அம்மா நிதானமாகச் சொன்னாள்:

“ஏத்தா, சாத்தூர் பஸ் வந்திருச்சு.”

வந்தவர்களுக்கும் ஊர் சாத்தூர்தான். பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிட்டார்கள்.