சந்தனப் பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

வாசலில் ருக்மணி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் கங்கப்பன் ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றி மேசைக்குள் தள்ளினான்.

"ஆல்பம் ஆச்சா தம்பி?"

"லேமினேஷன்ல இருக்குதும்மா. பெங்களூர்ல மழை. எதுவும் காயமாட்டேங்குது."

அவள் தலையாட்டினாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தவள்போல நின்றாள். அது என்னவாக இருக்கும் என்ற பயத்தில் கங்கப்பன் பெங்களூர் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். முந்தைய தடவைகளைப் போலவே அவள் போய்விட்டாள்.

லேமினேஷனுக்கு அனுப்பப் படமே இல்லை. அவள் மகள் சத்யப்ரியாவின் கல்யாணம், வீடியோ உட்பட, அந்தத் துண்டுக்குள் கிடந்தது. பிலிம் கேமராவை விற்று டிஜிட்டல் வாங்கிய வருஷம் அது. விஷயம் வெளியே தெரிந்தால் தை மாதம் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள்.

எல்லாம் ஆயுத பூஜையில் ஆரம்பித்தது. பாகலூர் சாலையில் அவன் ஸ்டூடியோவுக்கு இரண்டு பக்கமும் லேத் பட்டறைகள். அவர்கள் மெஷினுக்குச் செய்ததையெல்லாம் அவன் கம்ப்யூட்டருக்குச் செய்தான். மஞ்சள் தண்ணீர் தெளித்தான். பெட்டியின் மேல் சூடம் கொளுத்தினான். படங்களைப் பதிந்து வைப்பதற்காக வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்த சிடி டப்பாவுக்கும் சந்தனப் பொட்டு வைத்தான். மறுநாள் பெட்டிக்குள் பல்லி கொட்டுவதுபோலச் சத்தம் வந்தது. படம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த கௌஸ் மொய்தீன் டிஸ்கைக் காதில் வைத்துக் கேட்டான். பெங்களூரில் இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், அதுவரை கை வைக்க வேண்டாம் என்றான். கங்கப்பன் சரி என்றான்.

பக்கத்துப் பட்டறை முனிவேல் வேறு சொன்னான். இரும்பு குளிரில் சுருங்கும், சிக்கிக்கொண்டது தானே விட்டுப்போகும் என்றான். டிஸ்க் எதிர் பேக்கரியின் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போனது. வெளியே எடுத்தபோது பல்லிச் சத்தம் நின்றிருந்தது. தண்ணீர் சொட்டியது.

ஈரத்தைத் துடைக்க மூடியைத் திறந்தான். உள்ளே பளபளவென்று ஒரு தட்டு. லென்ஸ் துடைக்கிறவனுக்கு இதைத் துடைக்கத் தெரியாதா என்று நினைத்தான். லென்ஸ் துணியாலேயே வட்டவட்டமாகத் துடைத்தான்.

கௌஸ் அந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"கை வைக்காதீங்கன்னு சொன்னேனே."

"தூசிதான் தொடச்சேன்."

"நல்லாத் தொடச்சிருக்கீங்கண்ணா. இனி இதுல மூஞ்சி பாத்துச் சவரம் பண்ணிக்கலாம்."

கேமராவின் ஒரு கார்டில் மட்டும் அழிக்காத படங்கள் கொஞ்சம் இருந்தன. மணமகள் அறையில் சத்யப்ரியா. கண்ணாடி முன்னால், ஜன்னலோரம், பூ வைத்துக்கொண்டு. எதிலும் மாப்பிள்ளை ஜெகதீஷ் இல்லை.

ருக்மணிக்குப் போன் செய்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாண உடுப்பில் கெலவரப்பள்ளி அணைக்கு வந்தால் இலவசமாக இன்னும் சில படங்கள் எடுத்துத் தருவதாகச் சொன்னான். இந்த முறை அவள் மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு, "அவருக்கு ஷிப்ட்டு தம்பி" என்றாள்.

விஷயம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று கங்கப்பன் முடிவு செய்தான். 

ஐப்பசியில் அதே மண்டபத்தில், அதே மேடை அலங்காரத்தில் வேறொரு கல்யாணம் வந்தது. தாலி கட்டும் கைகளை எடுத்தான். மெட்டி போடும் கால்களை எடுத்தான். நாதஸ்வரக்காரரின் கன்னத்தை எடுத்தான். முகம் எப்போது எடுப்பீர்கள் என்று அந்த வீட்டார் கேட்டார்கள். புடவை நிறம் வேறாக இருந்ததால் கைகளைக் கறுப்பு வெள்ளையாக்கினான். பந்தி இலையில் ஒப்பட்டு என்கிற போளி இருந்தது. ருக்மணி விருதுநகர்ப் பக்கத்துக்காரி, அவர்கள் பந்தியில் போட்டது லட்டு. படத்தில் இலையின் அந்த மூலையை வெட்டினான்.

சத்யப்ரியாவின் தனிப்படங்களுக்கு நடுவே யாரோ இருவரின் கைகளும் கால்களுமாக ஆல்பம் தயாரானது. புரட்டிப் பார்த்தபோது அவனுக்கே ஏதோ விபத்தைப் பார்த்தது போலிருந்தது. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான்.

ஆல்பம் வாங்க ருக்மணி மகளோடு வந்தாள். சத்யப்ரியா கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஷிப்ட்டு முடிந்து நேராக வந்திருந்தாள். மாப்பிள்ளை வரவில்லை. மெலிந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு எல்லோரும் சதை போடுவார்களே என்று கங்கப்பன் நினைத்தான்.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டினார்கள். ருக்மணி பாதிக்கு மேல் பார்க்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்யப்ரியா மட்டும் நிதானமாகப் புரட்டினாள். கறுப்பு வெள்ளைக் கைகளில் கொஞ்சம் நின்றாள். கடைசி அட்டை வரை போனாள். மறுபடி முதலிலிருந்து வந்தாள்.

கங்கப்பன் எழுந்து நின்றான். மேசைக்குள் இருந்த துண்டை எடுத்து மேலே வைத்தான்.

"அம்மா, மாப்பிள்ளை படம்..."



"ஒண்ணுகூட இல்ல, பாத்தேன்." சத்யப்ரியா ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "அவரு இல்லாம ஒரு ஆல்பம் போட்டுத் தருவீங்களான்னு எப்படிக் கேக்கறதுன்னு தெரியாமத்தாண்ணா அம்மா இத்தன தடவ வந்து சும்மா நின்னுட்டுத் திரும்புனாங்க."