இருபத்தொரு வழிகளும் பூட்டிய கதவும்

சேவைக் குழுச் செயலாளர் என்று ஓர் இனம் உண்டு. எந்தச் சபைக்குப் போனாலும் அவரைப் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கும் நேரம் நெருங்கியதுமே, போதகர் கண்ஜாடை காட்டும்வரை பொறுக்காமல் எழுந்து, சட்டைப்பையிலிருந்து நான்காய் மடித்த தாளை எடுத்து உதறி, மைக்கை இரண்டு தட்டு தட்டி, "சபையார் அனைவருக்கும் ஒரு மகிழ்ச்சியான செய்தி" என்று ஆரம்பிப்பாரே, அவரேதான். அந்த மகிழ்ச்சியான செய்தி என்னவாக இருக்கும்? வேறென்ன, ஒரு கூட்டம். எதற்கான கூட்டம்? அடுத்த கூட்டத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்யும் கூட்டம்.

இந்த இனத்துக்கு உலகத்தின் மேல் கொள்ளைப் பிரியம். உலகம் என்றால் தூரத்தில் இருக்கிற உலகம். பெயரைச் சரியாக உச்சரிக்க வராத ஏதாவது ஒரு தேசத்தில் பூமி குலுங்கினால் இவர் குரல் தழுதழுக்கும். மூன்றாவது வரிசையில் இருக்கிற பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். அதே நாள் சபை வாசற்படியில் யாராவது தடுக்கி விழுந்தால்? "பார்த்து நடக்கக் கூடாதா?" என்பார். அவ்வளவுதான்.

நம் ஆள் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. தபால் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் சபையில் அவருக்குப் போஸ்ட்மாஸ்டர் என்றுதான் பெயர். முத்திரை குத்திக் குத்திப் பழகிய கை, வீட்டில் சும்மா கிடக்குமா? ஓய்வு பெற்ற மறு மாதமே சேவைக் குழுச் செயலாளர் ஆனார். முதல் சேவையாகக் குழுவின் பெயரில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்தார். இரண்டாவது சேவையாக அந்த ஸ்டாம்பை வைத்துப் பூட்ட ஒரு பெட்டி வாங்கினார்.

குழுவில் மொத்தம் ஐந்து பேர். தலைவர் போதகர். செயலாளர் இவர். பாட்டுக் குழு டீச்சர், தையல்காரர், போஸ்ட்மாஸ்டரின் மனைவி ஆகியோர் உறுப்பினர்கள். மனைவியைக் குழுவில் சேர்த்ததற்குக் காரணம், கூட்டத்துக்கு யாராவது டீ போட்டுக்கொண்டு வர வேண்டுமே.

இந்த ஐவர் குழு ஏழு மாதம் உட்கார்ந்து பேசியது. அதாவது, நால்வர் உட்கார்ந்தார்கள், ஒருவர் பேசினார். அதன் பலனாக, ஒரு சபை தன் ஊருக்கும் உலகத்துக்கும் சேவை செய்ய இருபத்தொரு வழிகள் என்று ஒரு பட்டியல் உருவானது. பசித்தவர்களுக்கு உணவு, நோயாளிகளைச் சந்தித்தல், தனித்திருக்கும் முதியோரோடு பேசுதல், பேரிடரில் அடைக்கலம், மரம் நடுதல் என்று ஒன்றையும் விடாமல் எழுதி, ஒவ்வொரு வழிக்கும் ஓர் உபகுழு, ஒவ்வொரு உபகுழுவுக்கும் அதைக் கூட்ட ஓர் அழைப்பாளர் என்று கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார் போஸ்ட்மாஸ்டர். அந்தத் தாளைப் பார்த்தால் உலகத்தில் இனிமேல் ஒரு குறையும் இருக்காது என்று தோன்றும்.

ஒரு கூட்டத்தில் தையல்காரர் வாயைத் திறந்துவிட்டார்.

"ஐயா, நம்ம கூடத்துக்குப் பின்னால சந்துல ரெண்டு வீட்டுக்குக் கூரையே சரியில்ல. மழை வர்றதுக்குள்ள நாம நாலு பேரு போய்..."

"ஒன்பதாவது வழி" என்றார் போஸ்ட்மாஸ்டர், தாளில் விரலை வைத்து. "வீடுகளைச் செப்பனிடுதல். அதுக்கு இன்னும் அழைப்பாளரே போடலையே. அதுக்குள்ள நீங்க ஏணியைத் தூக்கிட்டுக் கிளம்பினா எப்படி?"

தையல்காரர் டீயைக் குடித்தார். மனைவி காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகக் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. என்ன தீர்மானம் என்று யாரும் கேட்கவில்லை.

பட்டியலை உலகத்துக்கு அறிவிக்க ஒரு மாநாடு வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது. பேராயர் வருவதாக ஒப்புக்கொண்டார். முந்தின நாள் சனிக்கிழமை, சபைக் கூடத்தை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு போஸ்ட்மாஸ்டர் தனியாளாக அலங்காரத்தை முடித்தார். இருநூறு நாற்காலிகளுக்கு வெள்ளை உறை. மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு பேனர். இடப்பக்கம், கடல் கடந்து போக வேண்டிய நாற்பது கம்பளி மூட்டைகள். சாக்குத்துணி சுற்றி, சணல் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு அரக்கு வைத்துத் தன் கையாலேயே முத்திரை குத்தியவை. பேராயர் பார்வையிட்டு ஜெபித்த பிறகு கப்பல் ஏற வேண்டியவை. போஸ்ட்மாஸ்டர் அவற்றை ஒருமுறை தடவிப் பார்த்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் தடவியதில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. நாலு மணிக்குக் கூடத்தின் கதவை யாரோ தட்டினார்கள். போஸ்ட்மாஸ்டர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். வெளியே முப்பது நாற்பது பேர், தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாகச் சொட்டச் சொட்ட நின்றார்கள். எல்லாம் பின்னால் இருக்கிற சந்துக்காரர்கள். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள்.

"என்னப்பா, எல்லாரும் இப்படி நனைஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"சந்துக்குள்ள இடுப்பளவு தண்ணி சார்" என்றார் முன்னால் நின்ற மேஸ்திரி. "கொஞ்சம் கதவைத் திறந்தீங்கன்னா..."

"திறக்கலாம். தாராளமா திறக்கலாம். ஆனா பாருங்க, நாளைக்கு இங்க மாநாடு."

"என்ன மாநாடு சார்?"

"வெள்ளம், புயல்னு வந்தா ஜனங்களுக்கு எப்படி அடைக்கலம் கொடுக்கறதுன்னு..."

மேஸ்திரி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். போஸ்ட்மாஸ்டருக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. நாம் மாட்டேன் என்றா சொன்னோம்? முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? இன்றைக்கு இவர்களைச் சேறும் சகதியுமாக உள்ளே விட்டால் நாளைக்குப் பேராயரை எங்கே உட்கார வைப்பது? பேராயரை உட்கார வைக்காவிட்டால் மாநாடு எப்படி நடக்கும்? மாநாடு நடக்காவிட்டால் இவர்களுக்குத்தானே நஷ்டம்? இதையெல்லாம் ஜன்னல் கம்பி வழியாக எடுத்துச் சொல்லலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏங்க, நான்தான். கதவைத் திறங்க."

மனைவி! புடவை முழங்கால்வரை சேறு. ஒரு தோளில் ஒரு பெண் சாய்ந்திருந்தாள். அவளுக்குக் காய்ச்சலில் கண் சொருகிக்கொண்டிருந்தது. மறு தோளில் அவளுடைய கைக்குழந்தை.

"நீ எங்க இவங்களோட?"

"இந்தப் பொண்ணுக்கு மூணு நாளா காய்ச்சல். கஞ்சி கொடுக்கப் போனேன். மீதிக் கேள்வியை நான் உள்ள வந்தப்புறம் கேளுங்க."

"இந்தா பாரு, தலைவரை ஒரு வார்த்தை கேட்காம நானா எப்படி..."

"தலைவர் இங்கதான் இருக்கேன்" என்றது இன்னொரு குரல். போதகர் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, நடக்க முடியாத ஒரு கிழவரை முதுகில் சுமந்துகொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் பாட்டுக் குழு டீச்சர், இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளோடு. கடைசியில் தையல்காரர், தலையில் யாருடைய தையல் மெஷினோ.

"தலைவர் சம்மதம் மட்டும் போதாதே, தீர்மானம்னு ஒண்ணு..." என்று இழுத்தார் போஸ்ட்மாஸ்டர்.

"கதவைத் திறக்கணும்னு முன்மொழியறேன்" என்றார் டீச்சர், மழை இரைச்சலுக்கு மேலே குரலை எழுப்பி.

"வழிமொழியறேன்" என்றார் தையல்காரர். "சீக்கிரம்யா, கழுத்து ஒடியுது."

"குழுவுல நாலு பேர் வெளியில இருக்கோம்" என்றார் மனைவி. "உள்ள ஒருத்தர்தான். எண்ணிப் பார்த்துக்கோங்க."

போஸ்ட்மாஸ்டர் எண்ணிப் பார்த்தார். நிஜமாகவே விரல்விட்டு எண்ணினார். பெரும்பான்மை வெளியே நனைந்துகொண்டிருந்தது. விதிப்படி அவருக்கு வேறு வழி இல்லை. தாழை நீக்கினார்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் இருநூறு வெள்ளை உறைகளுக்கு நேர்ந்த கதியை நான் எழுத வேண்டியதில்லை. தலை துவட்டுவதற்கு அவை நல்ல துணி என்று மட்டும் சொல்லலாம். பிள்ளைகள் குளிரில் வெடவெடத்தார்கள். மனைவியின் கண் கம்பளி மூட்டைகள் பக்கம் போனது. போஸ்ட்மாஸ்டர் பாய்ந்து குறுக்கே நின்றார்.

"அது வெளிநாட்டுக்குப் போறது! முகவரி எழுதியாச்சு! முத்திரை வச்சாச்சு!"

"குளிர்றவங்களுக்குத்தானே அனுப்புறோம்?" என்றார் மனைவி. "இவங்களுக்கும் குளிருது. தள்ளுங்க." தையல்காரர் சட்டைப்பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். முதல் அரக்கு முத்திரை உடைந்தபோது போஸ்ட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் அடுத்தவர் பார்சலைப் பிரித்தவர் இல்லை.

கண்ணைத் திறந்தபோது அவர் கையில் ஒரு குழந்தை இருந்தது. "ஒரு நிமிஷம் பிடிங்க" என்று சொல்லிவிட்டு மனைவி, காய்ச்சல்காரப் பெண்ணைப் படுக்க வைக்கப் போய்விட்டார். போதகர் டாக்டரைத் தேடி ஓடினார். டீச்சர் அடுப்பு மூட்டினார். குழந்தையை வாங்கிக்கொள்ள ஆளில்லை. போஸ்ட்மாஸ்டர் அதை ஒரு பதிவுத் தபாலைப் போல உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். குழந்தை முகத்தைச் சுளித்தது. அழப்போகிறது என்று பயந்து மார்போடு அணைத்தார். அது அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது.

ஒரு நிமிஷம் என்றது இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர் உட்காரவில்லை, உட்கார்ந்தால் விழித்துக்கொள்ளும். பேசவில்லை; பேசினாலும் விழித்துக்கொள்ளும். இடது கை மரத்துப்போனது. கழுத்தில் அதன் மூச்சு சுடச்சுடப் பட்டுக்கொண்டே இருந்தது. எத்தனையாவது வழி இது என்று மனதுக்குள் பட்டியலை ஓட்டிப் பார்த்தார். பதினான்குவரை போனார். அதற்குப் பிறகு மறந்துபோனது. மறந்ததைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை. அவர் வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை என்று டீச்சர் இன்றைக்கும் சொல்கிறார்.

ஆள் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது.

மறுநாள் காலை பேராயர் வந்தார். கூடம் முழுக்கக் கொடியில் துணி, தரையெல்லாம் பாய், கடல் கடக்க வேண்டிய கம்பளிக்குள்ளிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். காய்ச்சல்காரப் பெண் மருந்தில் தெளிந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேராயர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"யார் இவங்களுக்குக் கதவைத் திறந்தது?" என்று கேட்டார்.

மேஸ்திரி உண்மையைச் சொன்னார். "இந்த சார்தான் திறந்தாரு."

பேராயர் போஸ்ட்மாஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவ்வளவு போதாதா? போஸ்ட்மாஸ்டர் மைக்கைத் தேடிப் பிடித்து, இரண்டு தட்டு தட்டி, இருபத்தொரு வழிகளோடு இருபத்திரண்டாவது வழியாகக் 'கதவைத் திறத்தல்' என்பதைச் சேர்ப்பதாக அறிவித்தார். இந்த யோசனை தமக்கு நேற்று மாலை சுமார் நாலு மணிக்கு, ஜன்னலருகே நிற்கையில், திடீரென்று உதித்தது என்றார். மனைவி பாயில் உட்கார்ந்து ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போட்டோக்காரர் தாமதமாக வந்ததால் போஸ்ட்மாஸ்டர் மேஸ்திரியிடமிருந்து கம்பளியைத் திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்து, "கொஞ்சம் நன்றியோட பாருங்க" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்.

"சார், அந்தக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஒண்ணு எடுக்கலாமா?" என்றார் போட்டோக்காரர்.

போஸ்ட்மாஸ்டர் கையை நீட்டினார். பிறகு மடக்கிக்கொண்டார்.

"அது வேண்டாம். தூங்குது பாருங்க" என்றார். குழந்தை நன்றாக முழித்துக்கொண்டுதான் இருந்தது. அவர் பேச்சிலும் சரி, ஆண்டறிக்கையிலும் சரி, அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவர் செய்த ஒரே சேவை அறிக்கையில் ஏறவில்லை. மனைவி மட்டும் அதைக் கவனித்தார். அன்றைக்கு வீட்டில் போஸ்ட்மாஸ்டருக்கு, கூட்டம் எதுவும் இல்லாமலேயே, ஒரு டீ கிடைத்தது.

இப்போது கதவு திறக்கும் உபகுழு நான்கு முறை கூடிவிட்டது. கதவை உள்பக்கமாகத் திறப்பதா வெளிப்பக்கமாகத் திறப்பதா என்பது விவாதத்தில் இருக்கிறது. தையல்காரர் கூட்டத்துக்கு வருவதில்லை. சந்தில் கூரை மேல் உட்கார்ந்திருக்கிறார். போதகர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இருவர் பெயரும் 'காரணமின்றி வராதவர்கள்' என்று சிவப்பு மையில் ஏறியிருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கும்போது உங்கள் சபையிலோ சங்கத்திலோ குடியிருப்பிலோ இருக்கிற ஒருவரின் முகம் நினைவுக்கு வந்திருக்குமே? "அப்படியே நம்ம ஆள்" என்று தொடையைத் தட்டியிருப்பீர்களே? உடனே இதை நாலு பேருக்கு அனுப்பி வைக்க வேண்டும், படித்தாவது திருந்தட்டும் என்று விரல் துறுதுறுக்கிறதா? அனுப்புங்கள். இந்த இனத்தார் தங்களுக்குள் அப்படித்தான் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள்.