ஒரு கோபுரம் குறைந்த ஊர்

கனடாவின் ஸ்காபரோவில் கலியாணம் செய்த தமிழர்களில் பாதிப்பேர் இத்தாலியில்தான் மாலை மாற்றினார்கள். அதற்கு முழுப் பொறுப்பும் நாங்கள் கோபுரத்தார் என்று கூப்பிடும் மனிதருடையது. மணவறைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையில் படம் கீறுவது அவர் தொழில். பிஸ்கட் ரின் மூடியொன்றில் பார்த்த பழங்காலத்து இத்தாலிய ஊரை, அதன் கல்லுக் கோபுரங்களோடு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் கீறி வைப்பார். "பிள்ளையார் எங்கை?" என்று ஒரு மாப்பிள்ளையின் தாய் கேட்டபோது, "உந்த மூண்டாவது கோபுரத்துக்குள்ளை இருக்கிறார்" என்றார்.

டோர்செட் பார்க்கில் இருவருக்கும் ஒரே கட்டடம். அவருக்கு நாலாம் மாடி, எனக்கு ஒன்பதாம் மாடி. அந்த இத்தாலிய ஊரை இருவரும் ஒன்றாகப் போய்ப் பார்ப்பதாகப் பத்து வருடமாகத் திட்டம். போன வசந்தத்தில் அவர் உண்மையாகவே விமான ரிக்கற் எடுக்க வெளிக்கிட்டதும் நான் நழுவினேன்.

"வேலையிலை லீவு தரமாட்டினமாம், அண்ணை."

லீவு நான் கேட்கவே இல்லை. பத்து வருடம் வாயால் போய்வந்த ஊருக்குக் காலால் போக வேண்டும் என்றதும் பயம் வந்துவிட்டது. அவர் "ஓம், பரவாயில்லை" என்றுவிட்டுத் தனியே போனார்.

எட்டு நாள் பயணம். வழியில் பாரிசில் இறங்கியதுதான் பிழை. அங்கே அவருக்கு ஆறு வீட்டுச் சொந்தம். ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிடாமல் போனால் பிறகு செத்தவீட்டுக்கும் வரமாட்டார்கள். ஆறு நாளும் இடியப்பத்தோடு கழிந்தது. ஏழாம் நாள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்து எனக்கு போன் எடுத்தார்.

"எப்பிடி அண்ணை இருக்கு?"

"கட்டினவங்கள் அவசரப்பட்டிட்டாங்கள். என்ரை சீலையிலை இருக்கிற வடிவு இல்லை."

"அது எத்தினையோ நூறு வருசத்துக்கு முந்திக் கட்டினதெல்லே?"

"அதுக்கு? பிழை பிழைதானே. ஒரு கோபுரமும் குறையுது. நான் வந்து திருத்துறன்."

திரும்பி வந்த மூன்றாம் நாளே ஒரு படத்தைச் சுருட்டி என் கையில் தந்தார். விரித்தேன். கல்லுக் கோபுரங்கள், நடுவில் ஒரு கிணறு. ஓரத்தில் ஒரு கோபுரம் மட்டும் கல்லில் இல்லை. அது எங்கள் அப்பார்ட்மென்ட். ஒன்பதாம் மாடி பல்கனியில், வீட்டில் நிற்கும்போது உடுக்கும் சாரத்தோடு ஒருவர் தேத்தண்ணி குடித்தபடி ஊரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த வழுக்கை என்னுடையதுதான்.

"நான் லீவு கேக்கேல்லை, அண்ணை" என்றேன்.

"தெரியும். அதுதான் சாரத்தோடை கீறினனான்."

அத்தனை தூரத்தில் அவரைத் தனியே நிற்கவிட்டதை நினைக்க வெட்கமாக இருந்தது. மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக லீவு கேட்டேன்.