ரிப்பன் அண்ணனும் அந்த ‘அவரு’ம்

“பேக்கிங்ல இருந்த பொண்ண இட்டாந்து இங்க ஒக்கார வச்சிகிற. அவரு ஒத்துக்க மாட்டாரு, சொல்லிட்டேன்.”

டெஸ்பாட்ச் அறை நாற்காலியில் நான் உட்கார்ந்த முதல் நாள், என் காதுபட ரிப்பன் அண்ணன் மேனேஜரிடம் சொன்னது இது. ‘அவரு’ என்றது முதலாளியைத்தான் என்று நினைத்து நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். அண்ணன் சொன்னதோ, மேஜை மேல் பூத்துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்த பழைய பிரிண்டரை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மெஷினுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த மனிதர் அவருக்கு முன்னும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. மேனேஜரையே ‘இன்னாபா’ என்பவர், பிரிண்டரை மட்டும் ஒருமையில் பேசமாட்டார். ஓடவில்லை என்றால் ‘அவருக்கு முடியல’. காகிதம் சிக்கினால் ‘அவருக்குத் தொண்டைல மாட்டிகிச்சு’. மழை நாளில் மின்விசிறியை நிறுத்திவிடுவார். எங்களுக்கு வியர்த்தால் பரவாயில்லை. அவருக்குச் சளி பிடித்துவிடும்.

ரிப்பனில் மை காய்ந்தால் புதுசு கேட்கமாட்டார். தேங்காய் எண்ணெய் விடுவார். “தலைக்கு எண்ண வச்சா முடி வளருதில்ல, எழுத்து வளராதா?” என்பது அவருடைய விஞ்ஞானம். எழுத்து வளர்ந்ததோ இல்லையோ, எங்கள் சலான்களை வைத்திருந்த தன் அலமாரியில் எறும்பு மொய்ப்பதாக ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். அன்றிலிருந்துதான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

அந்தப் பிரிண்டரைத் தூக்கிப் போடவும் முடியாது. எங்களுடையது இரும்புக் குழாய்களுக்கு வளைவு செய்யும் கம்பெனி. ஒவ்வொரு லாரிக்கும் கார்பன் வைத்த மூன்று தாள் சலான் வேண்டும்: வெள்ளை வாங்குபவருக்கு, பிங்க் கேட் வாட்ச்மேனுக்கு, மஞ்சள் எங்களுக்கு. ஊசியால் குத்தி அடிக்கும் பழைய பிரிண்டர்தான் மூன்றிலும் எழுத்தை இறக்கும். மற்றதெல்லாம் மேல் தாளோடு மரியாதையாக நின்றுவிடும்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்; கல்லூரிக்கும் நானே. அப்பா லோடிங் வேலை பார்க்கிறார், அம்மா இன்னொரு கம்பெனியில் பெருக்குகிறாள். கம்ப்யூட்டர் பட்டத்தோடு வந்த எனக்கு இந்தக் கம்பெனி முதலில் கொடுத்தது அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. ஒட்டினேன், நன்றாகவே ஒட்டினேன். டெஸ்பாட்ச் அக்கா கல்யாணமாகிப் போனதும், மேனேஜர் சோதனைக்கு என்னை உட்கார வைத்தார். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆளும் நானாகிவிட்டேன். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்த வாரம், பழைய கம்ப்யூட்டர் செத்தது.

புதிது வந்தது. பழைய பிரிண்டரின் ஒயரைச் செருக அதன் முதுகில் இடமே இல்லை. நடுவில் ஓர் ஒட்டு ஒயர் வாங்கி மாட்டினோம். முதல் சலானில் எந்த மொழியிலும் சேராத எழுத்துகள் வந்தன. ரிப்பன் அண்ணன் உற்றுப் பார்த்துவிட்டு, “திட்றாரு” என்றார்.

சென்னையிலிருந்து வந்த என்ஜினீயர் டீ குடித்தார். ‘இது ஓல்டு, அது நியூ, செட் ஆகாது’ என்று கண்டுபிடித்தார். கிளம்பிவிட்டார். அந்த மாடலுக்கு உரிய ‘டிரைவர்’ மென்பொருளைத் தேடி நானே போட்டேன். எழுத்து எழுத்தாக வந்தது, ஆனால் இடம் மாறி வந்தது. ஒவ்வொரு சலானும் முந்தையதைவிடக் கீழே இறங்கி, பெயருக்கான கட்டத்தில் ஒன்றுமில்லை, சரக்குக்கான கட்டத்தில் ஊர்.

“இன்னா நைனா இது, சரக்குனு போட்ட எடத்துல நாயுடுபேட்டனு கீது. ஊரையே ஏத்திகினு போறனா நானு?” என்றார் தடா பக்கத்து லாரி டிரைவர்.

“எத்த வேணா ஏத்திகினு போ. பிங்க் காப்பிய சரியா குடுத்துட்டு போ” என்றார் வாட்ச்மேன்.

லாரிகள் கேட்டில் வரிசை கட்டின. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “படிச்ச பொண்ணுன்னு ஒக்கார வச்சேன்மா. சனிக்கெழமைக்குள்ள சலான் கட்டத்துக்குள்ள வரணும். இல்லாட்டி நீ பேக்கிங்குக்கே போயிடு, நான் வேற ஆள் பாத்துக்கிறேன்.” பிறகு குரலைத் தணித்தார். “சரியா வந்துட்டா ரிப்பனை லோடிங்ல போட்டுடலாம். பட்டன தட்னா வர்ற வேலைக்கு ரெண்டு பேரு எதுக்கு?”

எழுத்து இடம் மாறுவதற்கான காரணம் ரிப்பன் அண்ணனுக்கு முன்பே தெரிந்திருந்தது. “ஆயுத பூசைக்குப் புதுசுக்கு ரோஜா மால. அவருக்கு வெறும் பொட்டு. மனசு நோவாதா?” மறுநாள் மீஞ்சூரிலிருந்து ரயிலில் வரும்போதே மல்லிகைச் சரம் வாங்கிவந்து பிரிண்டருக்குச் சூட்டினார். அது உள்ளே இழுத்துக்கொள்ள, ஒரு சலான் மட்டும் மணந்தது.

நான் வேறு வழியில் போனேன். எங்கள் சலான் தாள் குட்டை; கம்ப்யூட்டரோ அதை நீளத் தாள் என்று நம்பிக்கொண்டிருந்தது. உண்மையான நீளத்தைக் கொடுத்தேன். அண்ணன் நாஷ்டாவுக்குப் போயிருந்த நேரத்தில் அடித்துப் பார்த்தேன். அடித்ததெல்லாம் கட்டத்துக்குள். ஓடிப்போய் மேனேஜரை அழைத்துவந்தேன். அண்ணனும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். முதல் சலான் சரி. அடுத்தது ஒரு வரி இறங்கியது. அதற்கடுத்தது இரண்டு வரி. மேனேஜர் மூன்றையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளும் அப்படியே. தனியாக அடித்தால் சரி, எல்லோரும் இருந்தால் கோணல்.

“உன்கிட்ட தனியா பேசறாரு. நாலு பேரு இருந்தா கூச்சப்படறாரு” என்றார் அண்ணன். பட்டம் வாங்கிய நான் அதை ஒரு மதியம் முழுக்க நம்பினேன். பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாங்கிப் பையில் வைத்தும்விட்டேன்.

சனிக்கிழமை காலையில்தான் பார்த்தேன். அண்ணன் பிரிண்டர் பக்கத்தில் நின்று வாட்ச்மேனிடம் கதை பேசிக்கொண்டிருந்தார். சலான் வந்து விழுந்ததும் அவர் வலது கை மட்டும் போய், காகிதத்தைக் கையால் நகர்த்தும் பக்கவாட்டுக் குமிழைத் தொட்டு, ‘டிக் டிக்’ என்று ஒரு வரி தள்ளிவிட்டுத் திரும்பியது. பேச்சு அறுபடவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு தாளையும் ஒரு வரி குறைவாகத் தள்ளியிருக்க வேண்டும். இத்தனை வருடமும் அந்தக் குறையை அந்தக் கைதான் நிரப்பிவந்திருக்கிறது.

“அண்ணே, இப்ப இன்னா பண்ணீங்க?”

“இன்னா பண்ணேன்? சும்மாதான நிக்கறேன்.”

பொய் இல்லை. அந்தக் கை அவரிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை.

வெளியே மேனேஜரின் செருப்புச் சத்தம். ‘அண்ணே, கைய எடுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்காலி எனக்கு, லோடிங் அவருக்கு. லோடிங் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்திரி அப்பாவின் முதுகில் தைலம் தேய்ப்பவள் நான்.

திரும்பி உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் தாளின் நீளத்தில் அந்தக் கை தள்ளும் ஒரு வரியைக் குறைத்தேன்.

மேனேஜர் முன்னால் சலான்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டத்துக்குள் வந்தன. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “ரிப்பன், தள்ளு, நான் எடுக்கறேன்” என்று அண்ணனை அனுப்பிவிட்டுத் தானே நின்றார். உடனே வரிகள் மேலே ஏற ஆரம்பித்தன. அண்ணனை வரவழைத்துத் தாளைச் சரிசெய்து கொடுத்தேன். மறுபடி எல்லாம் ஒழுங்கு.

மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். “ரெண்டு பேருமே இருங்கபா. இது நமக்குப் புரியற விஷயமில்ல.”

அவர் போனதும் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். “ஒத்துக்கினாரும்மா உன்ன. மல்லி வேல செஞ்சிகீது, பாத்தியா?”

“ஆமாண்ணே” என்றேன்.

தப்பான அளவை வேண்டுமென்றே போட்டு வைத்திருக்கும் பட்டதாரி இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதிலும் எனக்குப் பெருமைதான். அண்ணன் லீவு போட்டால் அந்த ‘டிக் டிக்’கை நானே செய்துகொள்வேன். இதை அவர் படிக்கமாட்டார், படித்தாலும் நம்பமாட்டார்.

போன மாதம் பிரிண்டர் நிஜமாகவே நின்றுபோனது. அண்ணன் துண்டை இழுத்து முழுசாக மூடிவிட்டு, அன்று நாஷ்டாவுக்குப் போகவில்லை. இப்போது கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் என் பொறுப்பு என்பதால், புது பிரிண்டரை நானே தேர்ந்தெடுக்கச் சொன்னார் மேனேஜர். கடைக்காரர் ஒன்றைக் காட்டி, “எல்லாம் ஆட்டோமேட்டிக், கையே படவேணாம் மேடம்” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வலது பக்கம் குமிழ் உள்ள மாடலுக்கு நேற்று ஆர்டர் போட்டேன். அது வந்து சேருவதற்கு முன்பே, கம்ப்யூட்டரில் தாளின் நீளத்தை ஒரு வரி குறைத்தும் வைத்துவிட்டேன்.